‘பியூர்’ என்று எழுதிய பிடி

நியாஸ் அந்தப் பையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தபடி எங்கள் படலைக்கு வெளியே நின்றார். பைக்குள் ஒரு பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் ஏதோ ஒன்று. நாறல் மீனைக்கூட யாரும் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை. வாவிப் பக்கமிருந்து காற்று வந்து பை ஆடும்போதெல்லாம் கையை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டார்.

“சேவிங் பிரஷ் திருத்துறவரு இரிக்காரா?”

இருக்கிறார், உள்ளே வாருங்கள் என்றேன். அவர் வந்து கதிரையில் அமர்ந்து என் கணவரிடம் விஷயத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டார். என் கணவர் பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமலே விரலால் என்னைக் காட்டினார். எங்கள் வீட்டில் இது புதிதல்ல. ஆண்கள் முகம் வழிக்கிற பிரஷைப் பெண்ணொருத்தி திருத்துவாள் என்று யாரும் எண்ணிக்கொண்டு வருவதில்லை. வந்த பிறகு கொஞ்ச நேரம் கூரையைப் பார்ப்பார்கள். பிறகு பழகிவிடும்.

நியாஸ் கூரையைப் பார்க்கவில்லை. அவருக்கு அதற்கு நேரமிருக்கவில்லை. கட்டாரில் சில காலம் உழைத்துவிட்டு வந்து காத்தான்குடியில் புடவைக் கடை போட்டிருப்பவர். நல்ல உயரம், நல்ல உடம்பு. ஆனால் கண்ணைப் பார்த்தால் பல நாளாய் ஒழுங்காகத் தூங்காதவர் போலிருந்தது.

பையை மேசையில் வைக்கச் சொன்னேன். மேசை வேண்டாம், நிலத்திலேயே வைக்கிறேன் என்றார்.

“இது வாப்பாட பிரஷ், மிஸ். இது பண்டி மயிரா இல்லையா, அத மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

முழு வயசுக்கும் களா

அவருடைய வாப்பாவை ஊரில் எல்லாரும் ஹாஜியார் என்றே சொல்வார்கள். எண்பதைத் தாண்டியவர். பாரிசவாதம் வந்து இடது பக்கம் சரியில்லை. தாடியை விட்டுக் கன்னத்தையும் கழுத்தையும் மட்டும் வழிக்கிறவர். கைகால் நன்றாக இருந்த காலத்தில் தானே வழித்தார், பிறகு மகன் வழித்துவிட்டார். எல்லாம் இந்த ஒரே பிரஷால்தான்.

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு கல்யாண வீட்டில் உறவுக்காரர் ஒருவர் போனில் ஒரு வீடியோவைக் காட்டியிருக்கிறார். வெளிநாட்டில் செய்த பழைய பிரஷுகள் பலவும் பன்றி மயிரால் கட்டியவை என்று அதில் யாரோ சொன்னார்களாம். உறவுக்காரர் சிரித்துக்கொண்டே காட்டிவிட்டுப் பிரியாணிக்குப் போய்விட்டார். ஹாஜியார் சாப்பிடவில்லை.

அன்றிலிருந்து முகம் வழிக்க விடவில்லை. அது பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் அதற்குப் பிறகு அவர் தொடங்கியது. தவறிப்போன தொழுகையைப் பின்னர் தொழுது நிறைவாக்குவதற்குக் களா என்று பெயர். ஹாஜியார் தம் இளந்தாரி வயதிலிருந்து தொழுத தொழுகை முழுவதையும் களாவாகத் தொழத் தொடங்கிவிட்டார். அசுத்தம் பட்ட முகத்தோடு தொழுதது கூடியதா கூடாததா என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாததால் எல்லாவற்றையும் திரும்பத் தொழுவது என்று முடிவெடுத்துவிட்டார்.

குனிந்து நிமிர உடம்பு இடம் கொடுக்காததால் கதிரையில் இருந்தபடி தொழுகிறார். ஐந்து நேரத் தொழுகைக்கு இடையே பழைய நாட்களின் தொழுகை. சாப்பாட்டுக்கு எழுப்பினால் இன்னும் ஒரு நாளை முடித்துவிட்டு வருகிறேன் என்கிறார். பிரஷர் ஏறிவிட்டது. பள்ளிவாசல் மௌலவி வந்து, வெறும் சந்தேகத்தை வைத்து இப்படி உடம்பை வருத்தக்கூடாது என்று எவ்வளவோ எடுத்துச் சொல்லியிருக்கிறார். கேட்கவில்லை.

“முழு வயசும் இரிக்கி மிஸ். எப்ப முடிப்பாரு?”

பையைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்குப் போனேன்.

வாவிக்குப் போக இருந்த பிரஷ்

போன கிழமை எழுதியதைப் படித்த ஒரு வாசகி, உங்களுக்கு இந்தப் பிரஷ் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டிருந்தார். கதையை நிறுத்திவிட்டு அதைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவள். ஓய்வுபெற்ற புதிதில் வந்து போனவர்கள் எல்லாரும், இனியென்ன, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருக்கலாமே என்றார்கள். எங்களுக்குப் பேரப்பிள்ளை இல்லை. பிள்ளையே இல்லை. அது தெரிந்தவர்களும் சொன்னார்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் மெதடிஸ்ட் கோயிலில் ஒரு விற்பனை நடந்தது. ஒரு பறங்கிக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது வீட்டுச் சாமான்களைக் கோயிலுக்குக் கொடுத்திருந்தார்கள். அலுமாரி, வாங்கு, பீங்கான் எல்லாம் காலையிலேயே போய்விட்டன. கடைசியில் ஒரு பிரஷ் மிஞ்சியது. பாதி மயிர் கொட்டி, பிடியெல்லாம் பாசி பிடித்ததுபோல் கறுத்து, யாரும் கையால் தொட விரும்பாத கோலம். “வாவிக்க எறிஞ்சிட்டு மேசயத் தொடைங்க புள்ள” என்று ஒரு அக்கா சொன்னார்.

எனக்கு ஒரு குணம். எறி என்று யாராவது சொன்னால் எடுக்கத்தான் தோன்றும். என் கணவரை நான் கட்டியதும் இப்படித்தான் என்று என் தம்பி சொல்வான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கொதிதண்ணீரில் போட்டேன். பிடி வாழைத்தண்டுபோல வளைந்துவிட்டது. பழைய பிடிகள் பல செலுலாய்ட் என்ற சாமானால் செய்தவை. நெருப்புக்கும் ஆகாது, சுடுதண்ணீருக்கும் ஆகாது. அது தெரியாமல் கெடுத்துவிட்டேன். கெடுத்ததில் வந்த ரோசத்தில்தான் மற்றதெல்லாம் படித்தேன். அந்த வளைந்த பிரஷ் இன்னும் என் மேசையில் நிற்கிறது.

வேலை இதுதான். பிடிக்குள் ஒரு குழி இருக்கும். மயிரைக் கட்டிய குஞ்சத்தை அந்தக் குழியில் பசையிட்டு இறக்கியிருப்பார்கள். பழைய குஞ்சத்தைத் தோண்டி எடுத்து, குழியைச் சுரண்டி, பிடியைக் கழுவி மினுக்கி, புதிய குஞ்சம் இறக்க வேண்டும். இறக்குகிற ஆழம் கொஞ்சம் பிசகினாலும் பிரஷ் தொளதொளவென்று தொங்கும், அல்லது துடைப்பமாகக் குத்தும். குத்துகிறதா இல்லையா என்று பார்க்க எனக்கு ஒரு முகம் வேண்டும். அதற்குத்தான் என் கணவர். முப்பது வருசத் தாம்பத்தியத்தில் எனக்கு வேறு எதற்கும் இவ்வளவு பொறுமையாக அவர் முகத்தைக் கொடுத்ததில்லை.

கறுப்புப் பட்டி

நியாஸின் பைகளைக் கையுறை போட்டுக்கொண்டு பிரித்தேன். பிடி நல்ல பிடி. வெண்ணெய் நிறத்தில் தொடங்கிப் பழுத்துத் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. அடியில் வட்டமாக இரண்டு ஆங்கிலச் சொற்கள் பதித்திருந்தன. ஒன்று ‘பியூர்’. மற்றது தேய்ந்துபோயிருந்தது, பென்சில் தூள் தடவிப் பார்த்தால் ‘பிரிஸில்’ என்று வாசிக்கலாம்.

அதை வாசித்தவுடனேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஆனால் ஆய்வுகூடத்தில் லேபலை நம்பி யாரும் ரிப்போர்ட் எழுதுவதில்லை.

மயிரின் அடிப்பக்கத்தில் கறுப்பாய் ஒரு பட்டி மங்கித் தெரிந்தது. பேட்ஜர் என்று குளிர்நாட்டில் ஒரு விலங்கு இருக்கிறது. அதன் மயிரில் இயற்கையாகவே அப்படிக் கறுப்புப் பட்டி உண்டு. விலையான பிரஷ் அதில்தான் செய்வார்கள். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுப் பட்டியைத் துடைத்தேன். பஞ்சு கறுத்தது, பட்டி போய்விட்டது. வேறு மயிருக்குச் சாயம் பூசிப் பேட்ஜர் வேசம் கட்டியிருக்கிறார்கள்.

ஒரு மயிரை எடுத்து லென்ஸுக்குக் கீழே வைத்தேன். குதிரை மயிர் என்றால் நுனி பிரியாது. இது அடியில் தடித்து, போகப் போக மெலிந்து, நுனியில் மூன்றாகப் பிரிந்திருந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே. வேண்டுமென்றே பக்கத்திலிருந்தும் நடுவிலிருந்தும் எடுத்துப் பார்த்தேன். பன்றிதான். சந்தேகத்துக்கு இடமேயில்லை.

நியாஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சொன்னேன். அவர் கதிரையில் அமர்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார்.

“குதிர மயிர் எண்டு வாப்பாட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க மிஸ். ஒங்களுக்கு ஒண்டும் குறையா. அவரு பொழச்சிக்குவாரு.”

சீனி ஏறிய மாப்பிள்ளை

இந்த மாதிரிக் கேள்வி எனக்கு முதல் முறையல்ல. ஆய்வுகூடத்தில் இருந்த காலத்தில் ஒரு மாப்பிள்ளைப் பையன் வந்தான். பெண் வீட்டார் இரத்தப் பரிசோதனை கேட்டிருக்கிறார்கள். சீனி ஏறிக் கிடந்தது. கொஞ்சம் குறைத்து எழுதித் தரச் சொன்னான். கல்யாணம் முடிந்ததும் சீனியைக் குறைத்துவிடுவானாம். இப்போதே குறை, பிறகு வா, குறைந்ததை எழுதித் தருகிறேன் என்று அனுப்பிவிட்டேன். உண்மையிலேயே குறைத்துக்கொண்டு வந்தான். பிறகு கல்யாணத்துக்கும் அழைத்தான். சோறுக்கு மேல் சோறு போட்டுக்கொண்டு அவன் என்னைப் பார்த்துச் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது.

நியாஸ் அந்தப் பையனைப் போலத் தனக்காகக் கேட்கவில்லை. தகப்பனுக்காகக் கேட்டார். அதனால்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவரிடம் கோபிக்க மனம் வரவில்லை. ஆனால் பொய் சொல்லவும் மனம் வரவில்லை. கடவுளுக்கு முன்னால் கணக்குத் தீர்க்கிற மனிதனிடம் பொய்க் கணக்கைக் கொடுப்பதா? நான் மெதடிஸ்ட்காரி, அவருடைய மார்க்கம் எனக்குத் தெரியாது. அது தெரியாத ஒருத்தி அதற்குள் புகுந்து பொய் சொல்வது இன்னும் பெரிய அநியாயம் என்று பட்டது.

“ஒங்கட வாப்பா என்னட்ட கேக்காட்டி நான் வாய் தொறக்க மாட்டன். கேட்டாரெண்டா உள்ளதத்தான் சொல்லுவன்” என்றேன்.

அப்படியென்றால் கேட்க விடமாட்டேன் என்று எழுந்து போய்விட்டார். பிரஷை எடுக்கவில்லை. அவருக்குக் கோபமா, அதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போகத் தைரியமில்லையா என்று தெரியவில்லை. என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “நீ சொன்னது சரிதான், ஆனா அந்தப் பொடியன்ட மூஞ்சப் பாக்க ஏலாமக் கிடக்கு” என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இரண்டு கிழமை போலப் போயிற்று. ஒரு நாள் காலையில் நியாஸ் போன் எடுத்தார். வாப்பா தொழுதுகொண்டே கதிரையிலிருந்து சரிந்து விழுந்துவிட்டாராம். காயம் பெரிதில்லை. கண் திறந்ததும், அந்தப் பிரஷைப் பார்த்த பொம்பிளையைக் கூட்டி வா என்றுதான் கேட்டாராம். பிரஷைக் காணவில்லை என்பதை அவர் முதல் நாளே கவனித்து, யாரிடம் போனதென்று விசாரித்தும் வைத்திருக்கிறார்.

கலப்படமில்லாதது

ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலில் இரண்டு மயிரைப் போட்டு மூடி, லென்ஸையும் எடுத்துக்கொண்டு ஓட்டோவில் போனேன். ஹாஜியார் கட்டிலில் சாய்ந்திருந்தார். நெற்றியில் பிளாஸ்டர். தாடிக்கு மேலே கன்னமெல்லாம் ஒழுங்கில்லாமல் நரை முளைத்திருந்தது. நியாஸ் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்த பார்வையில் இன்னும் ஒரு கெஞ்சல் மிச்சமிருந்தது.

ஹாஜியார் என்னை இருக்கச் சொன்னார். தேத்தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு, மகன் உங்களைப் பொய் சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பான், அவனில் பிழை இல்லை என்று தொடங்கினார்.

“பண்டி எண்டா பண்டி எண்டு சொல்லுங்க மகள். குதிர எண்டா குதிர எண்டு சொல்லுங்க. ரெண்டுக்கும் வழி இரிக்கி. தெரியாததுக்குத்தான் வழி இல்ல.”

அவ்வளவு தெளிவாக ஒருவர் கேட்டால் சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. பன்றி என்றேன். போத்தலை நீட்டி, பார்க்க விரும்பினால் பாருங்கள் என்றேன். கண்ணாடிக்குள்ளே இருப்பதைப் பார்ப்பதில் குற்றமில்லை என்று வாங்கி, லென்ஸை வைத்து வெகு நேரம் பார்த்தார். நுனி மூன்றாகப் பிரிந்திருப்பதை அவரே கண்டு சொன்னார்.

வெளியே மீன்காரனின் மோட்டார் சைக்கிள் பீப்பி அடித்துக்கொண்டு போயிற்று.

“அதுல பியூர் எண்டு போட்டிரிந்திச்சே மகள்” என்றார் ஹாஜியார். கலியாணத்துக்கு முந்திக் கொழும்புக்குப் புடவை எடுக்கப் போன இடத்தில், புறக்கோட்டைக் கடையொன்றில் வாங்கியது அது. ஆங்கிலம் வாசிக்கக் கொஞ்சம் தெரியும். பியூர் என்றால் சுத்தம். மற்றச் சொல் விளங்கவில்லை. சுத்தம் என்று வெள்ளைக்காரனே எழுதி வைத்திருக்கிறான், இனி என்ன விசாரணை என்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஆகாரம், ஆசாரம் எல்லாவற்றிலும் கவனமான மனிதர். ஒரு சொல்லை நம்பிவிட்டார்.

அந்த மற்றச் சொல் ‘பிரிஸில்’, அதற்குப் பன்றியின் முரட்டு மயிர் என்று பொருள் சொன்னேன். இந்தச் சாமானில் அப்படி எழுதினால், பன்றி மயிரில் வேறு எதையும் கலக்கவில்லை என்று அர்த்தம் என்று விளக்கினேன். சொல்லும்போது எனக்கே வாய் கூசியது.

ஹாஜியார் என்னையே பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நியாஸ் பதறி ஓடி வந்தார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் கலப்படம் இல்லாத பண்டியத்தான் காசு குடுத்து வாங்கிரிக்கன்.”

நியாஸும் சிரித்தார். பிறகு வாசலுக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பல மாதத்துக்குப் பிறகு வாப்பா சிரித்தது அன்றைக்குத்தானாம்.

அன்று மத்தியானமே மௌலவி வந்தார். என்னென்ன பேசினார்கள் என்று நான் எழுத மாட்டேன், அது என் வேலையல்ல. எனக்கு நியாஸ் சொன்ன அளவில் இவ்வளவுதான்: தெரியாமல் நடந்ததைப் பற்றி மனதைப் போட்டு வருத்தத் தேவையில்லை, தெரிந்த பிறகு அதை வைத்திருக்கக்கூடாது, பட்ட இடத்தை முறைப்படி கழுவ வேண்டும். ஹாஜியார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் அடுத்த நாளும் அந்தக் கதிரையில் அமர்ந்து பழைய நாட்களைத் தொழுதார். தெரிந்துவிட்டது, ஆனாலும் மனம் இன்னும் ஆறவில்லை என்றாராம்.

பிரஷ் எனக்கு எறியத்தான் கொடுத்தார்கள் என்று நினைத்தேன். ஹாஜியார் வேறு செய்தி அனுப்பினார். மயிரைத்தான் எறிய வேண்டும், பிடி என்ன பாவம் செய்தது? மௌத்தாகிக் கண்மூடும் வரைக்கும் அவருடைய மனைவி வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்கு முன்னர் அந்தப் பிடியைப் பிடித்துத்தான் சவுக்காரம் நுரைக்க வைத்துக் கொடுப்பாராம். பிடியைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டிருந்தார்.

முடியும் என்று சொல்லி அனுப்பினேன். அந்த நேரத்தில் எப்படி என்று எனக்குத் தெரியாது.

உயிரோடு நிற்கும் குதிரை

நைலோன் குஞ்சம் போட்டால் ஒரு நாளில் வேலை முடிந்துவிடும். என்னிடம் இருந்தது. நியாஸுக்கும் அதுவே போதும். ஆனால் ஹாஜியாரின் தோல் பாரிசவாதத்துக்குப் பிறகு மெலிந்து போயிருந்தது. நைலோன் அவருக்கு வழுக்கும், நுரை நிற்காது. குதிரை மயிர் போடலாமா என்று மௌலவியிடம் கேட்கச் சொன்னேன். போடலாம், ஆனால் உயிரோடு இருக்கிற குதிரையிலிருந்து வெட்டியதாக இருக்க வேண்டும் என்று பதில் வந்தது.

மட்டக்களப்பில் மாடு இருக்கிறது, எருமை இருக்கிறது, குதிரைக்கு எங்கே போக? கடையில் விற்கிற மயிர் எந்தக் குதிரையுடையது, இருந்ததா செத்ததா என்று யார் சொல்வது? ஆகவே நுவரெலியாவுக்குப் போவது என்று முடிவெடுத்தேன். அங்கே குளக்கரையில் உல்லாசப் பயணிகளை ஏற்றித் திரியும் குதிரைகள் உண்டு. ஒரு பிரஷுக்காக மலை ஏறுவதா என்று என் கணவர் கேட்டார். கேட்டுக்கொண்டே கம்பளிச் சட்டையைத் தேடினார்.

குதிரை வைத்திருந்தவர் தோட்டத்துத் தமிழர், அந்தோனி என்று பெயர். குதிரையில் ஏறப் போவதில்லை, பிடரியிலும் வாலிலும் கொஞ்சம் மயிர் வேண்டும் என்றதும், மந்திரத்துக்கா என்று கேட்டார். எந்த ஊர் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அந்தச் சந்தேகம் அவருக்கு இன்னும் வலுத்துவிட்டது. மட்டக்களப்பார் வந்தவரை மந்திரத்தால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்ற பேச்சு மலை வரைக்கும் போயிருக்கிறது. எங்கள் ஊருக்கு வந்தவர்கள் திரும்பிப் போகாததற்குக் காரணம் மந்திரமல்ல, சாப்பாடு என்று என் கணவர் விளக்கம் சொன்னார்.

அவர் வெட்டும்போது நான் போனில் வீடியோ எடுத்தேன். குதிரை உயிரோடு நிற்பது தெளிவாகத் தெரிய வேண்டும் என்று முகத்தையும் சேர்த்து எடுக்கப் பார்த்தேன். அந்தோனி தலையில் அடித்துக்கொண்டார்.

“ஏங்கம்மா, செத்த குதிரை நின்னுக்கிட்டா இருக்கும்?”

வீட்டுக்கு வந்து மயிரைச் சவுக்காரமும் சோடாவும் போட்டு அவித்து, காயவைத்து, சீவி, நீளம் பார்த்துப் பிரித்தேன். வால் மயிர் நீளமாகவும் நேராகவும் இருந்ததால் அதையே வெட்டிக் குஞ்சம் கட்டினேன். என் கணவர் ஒரே இழுவையில் கத்திவிட்டார். “இதால சட்டி தேய்க்கலாம்” என்றார். வெட்டிய நுனி ஊசிபோலக் குத்தும் என்பதை நான் யோசிக்கவில்லை.

அவிழ்த்தேன். பிடரி மயிரை எடுத்து, வெட்டாத இயற்கை நுனியை வெளிப்பக்கம் விட்டு, பாணி மருந்து அளக்கும் சின்னக் கப்பில் போட்டுத் தட்டித் தட்டி நுனிகளை மட்டமாக்கினேன். நிமிர்ந்து நிற்க நடுவில் மட்டும் கொஞ்சம் வால் மயிர் வைத்தேன். மீன்பிடிக்காரர் வலைக்குப் பாவிக்கும் தங்கூசி நூலால் அடியை இறுக்கினேன். இந்த முறை என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் போடு என்றார்.

ஒரு பிடி வட்டை மண்

குஞ்சம் தயார். பிடி தயாரில்லை. பழைய மயிரைத் தோண்டி, அரக்கைச் சுரண்டிக் குழியைத் துப்புரவாக்கியிருந்தேன். ஆனால் என் சுத்தம் வேறு, ஹாஜியாரின் சுத்தம் வேறு. பன்றி பட்ட பொருளை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால் என்று நியாஸ் முறையைச் சொன்னார். தாங்களே கழுவிக்கொள்கிறோம் என்றும் சொன்னார். பிடி நொய்ந்திருக்கிறது, என் கையால்தான் கழுவ வேண்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்லுங்கள் என்றேன்.

இங்கே ஒரு சிக்கல். நாங்கள் இருக்கிற கல்லடியில் எங்கே தோண்டினாலும் மணல். மணலால் தேய்த்தால் செலுலாய்ட் கீறிப் பாழாகிவிடும். மாவு போன்ற மண் வேண்டும். அது வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில்தான் இருக்கிறது. பழுகாமத்தில் என் தம்பிக்கு வயல் இருக்கிறது. உன் வட்டையில் ஒரு பிடி மண் எடுத்துத் தா, துப்புரவான இடமாகப் பார்த்து எடு என்று போனில் சொன்னேன்.

“ஆருக்குகா சூனியம் செய்யப் போறாய்?” என்று கேட்டான்.

மந்திரத்துக்கல்ல, பிரஷுக்கு என்று அந்தோனிக்குச் சொன்ன விளக்கத்தையே இவனுக்கும் சொல்ல வேண்டியிருந்தது. எப்படியோ மண்ணைக் கொண்டுவந்து தந்தான். காயவைத்து, இடித்து, சீலையில் அரித்து எடுத்தேன். பவுடர்போல வந்தது.

நியாஸ் கிணற்றடியில் நின்று எண்ணினார். நான் கழுவினேன். மண் தண்ணீரால் கழுவும்போது விரலுக்கடியில் பிடி மெல்ல மெல்ல மாறியதை உணர்ந்தேன். எத்தனையோ மினுக்கு மருந்து வாங்கிப் போட்டிருக்கிறேன், அப்படி ஒரு பளபளப்பு எதிலும் வந்ததில்லை. தேன் நிறம் உள்ளிருந்து தெளிந்து வந்தது. நியாஸ் எண்ணுவதை மறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். மறந்துவிட்டதால் முதலிலிருந்து திரும்பக் கழுவினோம்.

கடைசியில் அடியில் இருந்த எழுத்து மிஞ்சியது. வழக்கமாக நான் எழுத்தில் கை வைப்பதில்லை. பழைய பிரஷின் எழுத்தை அழிப்பது பாவம் என்று மற்றவர்களுக்குப் புத்தி சொல்கிறவள் நான். ஆனால் குஞ்சம் மாறிவிட்டது. ‘பிரிஸில்’ என்பது இனிப் பொய். ஆகவே சன்னமான சான்ட் பேப்பரை நனைத்து, அந்த ஒரு சொல்லை மட்டும் தேய்த்து எடுத்தேன். மற்றதைத் தொடவில்லை.

அஸர்

நாங்கள் போனபோது ஹாஜியார் கதிரையில் அமர்ந்து தொழுதுகொண்டிருந்தார். முடியும் வரைக்கும் காத்திருந்தோம். அது அன்றைய தொழுகை அல்ல, ஏதோ ஒரு பழைய நாளின் தொழுகை என்று நியாஸ் காதருகே சொன்னார்.

முதலில் குதிரையின் வீடியோவைக் காட்டினேன். குதிரை தலையை ஆட்டித் தும்முகிற இடத்தில் ஹாஜியார் நிறுத்தச் சொல்லி, திரும்ப ஒருமுறை பார்த்தார். உயிரோடுதான் நிற்கிறது என்று தீர்ப்புச் சொன்னார்.

நியாஸ் சவுக்காரம் நுரைக்க வைத்துக் கன்னத்தில் பூசப் போனார். ஹாஜியார் நல்ல கையை நீட்டிப் பிரஷைத் தானே வாங்கினார். மெதுவாக, நடுக்கத்தோடு, ஆனால் விடாமல் இரண்டு கன்னத்துக்கும் கழுத்துக்கும் தானே பூசினார். வழிக்கிறதை மகனிடம் விட்டார். நரையெல்லாம் போய், துவாயால் துடைத்ததும் முகம் வேறு முகமாகிவிட்டது. பிரஷைக் கழுவித் தரச் சொல்லித் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார். பெருவிரல் பிடியின் அடியைத் தடவிக்கொண்டே போய் எழுத்தில் நின்றது. கவிழ்த்துப் பார்த்தார். பக்கத்தில் வெறுமையாய் இருந்த இடத்தையும் தடவினார்.

“மத்தச் சொல்ல எடுத்திட்டீங்களா மகள்?”

எடுத்துவிட்டேன் என்றேன்.

“இப்ப அது சரி” என்றார்.

பள்ளிவாசலில் பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். நியாஸ் வாப்பா கைமுகம் கழுவி ஒளு செய்யத் தண்ணீர் எடுத்து வந்தார். பிறகு வழக்கம்போல, களாத் தொழுவதற்கு வசதியாகக் கதிரையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, தலையணை ஒன்றையும் முதுகுக்கு வைத்தார். நீண்ட நேரம் இருப்பார் என்று அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

ஹாஜியார் தலையணையை எடுத்து மகனிடம் கொடுத்தார்.

“இது வாணாம். இண்டைய அஸர மட்டும் தொழுதிட்டு வந்திருவன். மிஸ்ஸுக்குத் தேத்தண்ணி போடச் சொல்லு, நானும் குடிக்கிறன்.”